மகளிர் அணி வரவில்லை

மார்ச் 11, செவ்வாய்

திரும்பவும் பனி. பகல் முழுவதும் அலுவலகத்தில் பொய் கேட்டேன். காப்புறுதி அலுவலகத்தில் எனக்குச் சம்பளமே அதற்குத்தான். கூரை நேற்றுத்தான் ஒழுகியது என்று சத்தியம் செய்வார்கள். சுவரில் இருக்கும் கறைக்கு மூன்று வயது இருக்கும். மூச்சு விடுகிற விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிடும்.

லொங்குய் அலுவலகத்திலிருந்து புரோசார்ட் வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றவில்லை, போன். தென்கரை இளஞ்சுடர் விளையாட்டுக் கழகத் தலைவர் இரவிச்சந்திரன் அண்ணை. பத்து வருடத்துக்கு மேல் என்னோடு நேரில் நாலு வார்த்தை கதைக்காத மனிதன்.

"சிவமலர், கழகத்துக்கு இருபத்தைஞ்சு வருசமெல்லோ. வெள்ளிவிழா மலர் ஒண்டு போடுறம். எங்கட மகளிர் அணியின்ர வரலாற்றை நீர் ஒரு ரெண்டு பக்கத்தில எழுதித் தாரும்."

எங்கட மகளிர் அணி. எங்கட!

"நீர் விக்கெட் கீப்பர்தானே. பின்னால நிண்டு எல்லாத்தையும் பாத்தனீர்" என்று சொல்லிவிட்டுத் தன் பகிடிக்குத் தானே சிரித்தார். மற்றவர்கள் சிரிக்கும் மட்டும் காத்திருக்கிற பழக்கம் அவருக்கு எப்போதும் இல்லை.

பார்க்கிறேன் என்றேன்.

மார்ச் 12, புதன்

எழுத மாட்டேன்.

மார்ச் 16, ஞாயிறு

ஆரூரன் சாரத்தோடு சோபாவில் படுத்தபடி எங்கோ நடக்கும் மட்ச் பார்த்துக்கொண்டு, "எழுதிக் குடுமன். உம்மட பேர் வருமெல்லோ" என்றார். என் கணவருக்கு வாழ்க்கையின் எல்லாச் சிக்கலுக்கும் ஒரே மருந்து, பேர் வருவது.

பேர் ஏற்கெனவே வந்துதானே கிடக்கிறது. கழகத்தின் எந்த இரவு விருந்திலும் பிரியாணி இறங்கி, இரண்டு கிளாஸ் உள்ளே போனதும் யாராவது ஒருத்தர் எடுத்து விடுவார்: "பைனலுக்கு வாங்கோ எண்டால் சாமத்திய வீட்டுக்குப் போன ரீமெல்லோ எங்கட பெண்டுகள்!" மேசை குலுங்கச் சிரிப்பார்கள். மனைவிமாரும் சிரிப்பார்கள். பட்டுச் சேலை சரிய, பல்லுக்குள் இறைச்சி நார் தெரிய. இந்தப் பகிடியை நான் எத்தனை சேலையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன்.

அப்போதெல்லாம் ஆரூரன் என்ன செய்வார்? தண்ணீர் குடிப்பார். நல்ல தாகம் உள்ள மனிதன்.

மார்ச் 23, ஞாயிறு

எழுதுவதில்லை என்று முடிவெடுத்தவள் ஏன் பாலம் தாண்டி, தீவின் மறுகரைக்கு, பியர்பொன்ட்ஸ் வரை கார் ஓடினேன்? அக்னெஸ் அக்காவைப் பார்க்க. அவ்வளவுதான். பார்க்கக் கூடாதா?

பூசை முடிந்து வந்து சேலை மாற்றாமல் குசினியில் நின்றார். மன்னார்க்காரி. ஐம்பத்திரண்டு வயது. ஒரு கார்டறியில் சின்னப் பிள்ளைகளை மேய்க்கிறார். அந்தக் குரலுக்கு அந்த வேலைதான் சரி. ஒருகாலத்தில் எல்லைக்கோட்டில் நிற்கிறவள் அதைக் கேட்டு நடுங்குவாள்.

எங்கள் அணியைத் தொடங்கியது அவர். கழகம் இல்லை, இரவி அண்ணை இல்லை, எந்தப் போசகரும் இல்லை. 2008 மாரியில், பங்கு மண்டபத்தில் கதிரைகளை ஒதுக்கிவிட்டு, ரெனிஸ் பந்தில் மின்சாரக்காரர் ஒட்டுகிற ரேப் சுற்றிக்கொண்டு வந்தார். "எனக்கு ஓட வேணும் போல கிடக்கு. ஆருக்கெல்லாம் கிடக்கு?" என்று கேட்டார். ஆறு பேர் கை உயர்த்தினோம். ஒருத்தி சல்வாரோடு ஓடினாள். ஜெகதீஸ்வரி கைக்குழந்தையை வண்டிலில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தாள். வண்டிலைச் சுவரோரம் நிறுத்திவிட்டு மட்டையை எடுத்து முதல் பந்தையே மேடைத் திரைக்குள் அடித்தாள். மாதா சொரூபத்துக்கு அரை முழம் தள்ளி. நாங்கள் எல்லோரும் சிலுவை போட்டோம், சைவக்காரிகள் உட்பட.

விசயத்தைச் சொன்னேன். அக்கா மீனைக் கழுவுவதை நிறுத்தவில்லை.

"மலருக்கு எழுதப் போறியோ? எழுது. ஆனால் என்ர பேரைப் போடாத."

"நீங்கள் இல்லாமல் என்னண்டக்கா எழுதிறது?"

"அவங்கள் நாங்களே இல்லாமல் எழுதினவங்கள்தானே. உனக்கென்ன கஸ்ரம்?"

மீன்குழம்பு தந்து அனுப்பினார். கார் முழுக்க மணம்.

மார்ச் 30, ஞாயிறு

எழுதிவிட்டேன். காலையில் தொடங்கினேன், தேத்தண்ணி ஆறிப் போனதுகூடத் தெரியவில்லை. இங்கேயும் ஒருமுறை எழுதி வைக்கிறேன். அங்கே எழுதியதை என்ன செய்வார்களோ.

2013 ஓகஸ்ட். மாகாணப் பெண்கள் லீக்கின் இறுதி ஆட்டம். ஐந்து வருடம் முட்டி மோதி, முதல் வருடம் ஒட்டாவாவிடம் பத்தொன்பது ஓட்டத்துக்குச் சுருண்ட அதே அணி, இறுதிக்கு வந்திருந்தது. எங்கள் மைதானம். எதிரணி லாவல். காலையில் நாங்கள் வெள்ளை உடுப்போடு போய் இறங்கினால், மைதானத்துக்குள் ஆண்கள் விளையாடிக்கொண்டிருக்கிறார்கள். நாற்பது வயதுக்கு மேற்பட்டோர் ஆட்டம். ரொறன்ரோவிலிருந்து விருந்தாளி அணி வந்துவிட்டதாம். முதல் நாள் வரவேண்டியவர்கள், வழியில் பிந்திவிட்டார்களாம்.

அக்னெஸ் அக்கா போய்க் கேட்டார். இரவி அண்ணை சொன்னது எனக்கு அட்சரம் பிசகாமல் நினைவிருக்கிறது. "அவை எவ்வளவு தூரத்தில இருந்து வந்திருக்கினம். நீங்கள் உள்ளூர்தானே, கொஞ்சம் பொறுங்கோ."

பொறுத்தோம். கார் தரிப்பிடத்தில், வெயிலில், கால்கவசம் கட்டியபடி. லாவல் பெண்கள் எங்களுக்குப் பக்கத்தில் நின்று எங்களைப் பார்க்காமல் இருக்க முயன்றார்கள். நடுவர்களும் பொறுத்தார்கள். கடைசியில் அவர்களில் ஒருவர் வந்து, மன்னிக்க வேணும், மைதானம் தரவேண்டியது உங்கள் கழகம் என்று சொல்லிவிட்டு ஆட்டத்தை லாவலுக்குக் கொடுத்தார். அவர் செய்தது சட்டப்படி சரி.

அந்த நேரம்தான் ஜெகதீஸ்வரி — எங்கள் தொடக்கத் துடுப்பாட்டக்காரி, உப தலைவி, இரவி அண்ணையின் மனைவி — காலில் கட்டியிருந்ததைக் கழற்றிக் காருக்குள் போட்டாள். புருசன் கூப்பிட்டான் என்று போய், ரொறன்ரோக்காரருக்கு ரோல்சும் தேத்தண்ணியும் பரிமாறினாள். வெள்ளை உடுப்போடு. சீ.

மைதானத்துக்குள் தேர்ட் மான் இடத்தில் நின்றவர் ஆரூரன். பத்தாவதாகத் துடுப்பெடுத்து ஒன்றும் எடுக்காமல் வந்தார்.

வருடாந்தக் கூட்ட அறிக்கையில் ஒரு வரி: "இறுதி ஆட்டத்துக்கு மகளிர் அணி வரவில்லை." அதே நாளில் யாரோ வீட்டில் வயதுக்கு வந்த பிள்ளைக்குச் சாமத்தியச் சடங்கும் நடந்திருந்தது. மிச்சத்தை வாய்கள் பார்த்துக்கொண்டன. அக்னெஸ் அக்கா அடுத்த வருடம் பியர்பொன்ட்ஸ் போனார். அணி செத்தது.

இதைத்தான் எழுதினேன். இரண்டு பக்கம். ஒரு சொல்கூடத் திட்டவில்லை. திட்டாமல் எழுதுவது எவ்வளவு கஸ்ரம்!

ஏப்ரல் 8, செவ்வாய்

மலர்க்குழுவின் ஆசிரியர் வலன்ரைன் மாஸ்டர் திருத்திய பிரதியை அனுப்பியிருக்கிறார். அந்த மனிதர் ஒரு வரிக்கு மூன்று அடைமொழி இல்லாமல் கடைக்கு மரக்கறி எழுதவும் மாட்டார்.

"வீறுகொண்டெழுந்த எம் வீராங்கனைகள்" என்று தொடங்குகிறது. தொடக்கி வைத்தவர், கழகத் தலைவரின் தீர்க்கதரிசனம். பங்கு மண்டபம் இல்லை. அக்னெஸ் அக்கா இல்லை. (அவர் ஆசை நிறைவேறிவிட்டது.) 2013 ஓகஸ்ட் முழுவதும் ஒரே வரிக்குள்: "சில தவிர்க்க முடியாத காரணங்களால் இறுதி வெற்றி கைநழுவியபோதும்." அதன்பின் — இதைத்தான் நான் மூன்று முறை வாசித்தேன் — "அணி இன்றுவரை இடைவிடாது இயங்கி வருகிறது."

எடுத்தேன் போனை.

"மாஸ்டர், எந்த அணி இயங்குது? நான் காணேல்லையே."

"பிள்ளை, மலர் எண்டால் நல்லதைத்தானே எழுத வேணும். நாலு பேர் வாசிக்கிறது."

"பொய்யை எண்டாலும் நம்பிற மாதிரி எழுதுங்கோ மாஸ்டர்."

"அது தலைவர் சொன்ன வசனம்" என்றார். குரல் இறங்கிவிட்டது. "அது கட்டாயம் இருக்க வேணுமாம்."

கட்டாயம் இருக்க வேணுமா? ஏன்? என் அலுவலகத்தில் இப்படி ஒரு வசனம் வந்தால் உடனே கூரையைப் பார்க்க ஆள் அனுப்புவேன்.

ஏப்ரல் 19, சனி

காரணம் தெரிந்துவிட்டது. அது தானாக நடந்து என்னிடம் வந்தது. பேர் சாருஜா, வயது பதினேழு. ஜெகதீஸ்வரியின் மகள், அந்த வண்டில் குழந்தை. கடைத்தொகுதியில் நான் வரிசையில் நிற்க, பின்னால் வந்து "போன்ஜூர், அன்ரி" என்றது.

அது சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால் இவ்வளவுதான்: நகரசபை மைதானத்தைத் திருத்தி, செயற்கைப் புல் ஆடுகளம் போட்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளுக்கு நிறையக் கழகங்கள் போட்டி. பெண்கள் அணி உள்ள கழகத்துக்கு முன்னுரிமை. அதனால் எங்கள் கழகத்துக்குத் திடீரென்று பெண்கள் அணி இருக்கிறது, இடைவிடாது இருந்திருக்கிறது. மலரையும் விண்ணப்பத்தோடு சேர்த்துக் கொடுப்பார்கள். மே 25 நகரசபை ஆள் பயிற்சியைப் பார்க்க வருகிறார்.

"அப்பா எங்களை ரீசேட் போட்டுக்கொண்டு வரச் சொன்னவர். படம் எடுக்கவாம்" என்றாள். "நான் படத்துக்கு வரமாட்டன். எனக்கு போலிங் போட வேணும், அன்ரி. நீங்கள் கீப்பராம், அம்மா சொன்னவா. வருவீங்களோ?"

போலிங் போட வேணுமாம். நகத்தில் மூன்று நிறப் பூச்சு. உங்கள் அப்பாவிடம் கேள், அவருக்குத் தீர்க்கதரிசனம் இருக்கிறது என்றேன்.

"மே நொன், இல்லை அன்ரி. உங்களுக்கு விளையாட விருப்பமில்லை. கோவமா இருக்கத்தான் விருப்பம்" என்றுவிட்டுப் போய்விட்டது.

எங்கள் சமூகத்தில் பிள்ளை வளர்க்கிற லட்சணம்.

ஏப்ரல் 27, ஞாயிறு

அக்னெஸ் அக்காவுக்குப் போன் எடுத்து முழுவதும் சொன்னேன். மறுமுனையில் சத்தமே இல்லை. அழுகிறாரோ என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"மலர், அண்டைக்கு நாங்கள் வரேல்லை எண்டெல்லோ எழுதினவங்கள்?"

"ஓமக்கா."

"அப்ப இந்த முறை உண்மையாவே வராமல் விடுவம்."

கடவுளே, என்ன அருமை! மாலை முழுவதும் பழைய ஆட்களைத் தேடித் தேடிப் போன் பண்ணினேன். ஒருத்தி விளங்க முதலே "நான் வரமாட்டன், எழுதிக்கொள்" என்றாள். ஒருத்திக்கு இப்போது பேரப்பிள்ளை. அவளும் வராமல் இருக்க முழுமனதோடு சம்மதம். எல்லோரும் சேர்ந்து ஒரு வேலையைச் செய்யாமல் விடுவதில் இவ்வளவு ஒற்றுமை வரும் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

நன்றாகத் தூங்கப் போகிறேன்.

மே 10, சனி

ஜெகதீஸ்வரி வந்தாள். வாசலில் நின்று மணியை அடிக்காமல் கதவைத் தட்டினாள், முந்தி வருவது போலவே. கையில் பற்றிஸ் பெட்டி. பரிமாறுவதில் கெட்டிக்காரி.

"மலர், எல்லாரும் ஒரு மணித்தியாலம் வந்து நிண்டிட்டுப் போங்கோ. நீ சொன்னால் மற்றவையும் வருவினம்."

"ரீசேட் தருவியளோ?"

"தருவம்."

"தேத்தண்ணி? அதுவும் நீதான் ஊத்துவியோ, இல்லாட்டி வேற ஆரும் வெள்ளை உடுப்போட நிக்கினமோ?"

அவள் முகம் மாறியதைப் பார்க்க எனக்குச் சந்தோசமாக இருந்தது. பொய் எழுத மாட்டேன், சந்தோசமாகத்தான் இருந்தது. இந்தக் கேள்வியை நான் எத்தனை வருடமாகக் கூர் தீட்டி வைத்திருந்தேன்.

ஆரூரன் மெதுவாக எழும்பிக் குளிர்சாதனப் பெட்டிப் பக்கம் போனார். தாகம்.

அவள் பெட்டியை மேசையில் வைத்தாள். மறுத்துக் கதைக்கவில்லை, அழவில்லை, புருசனைச் சாட்டவுமில்லை. எனக்கு அதுதான் எரிச்சல். சப்பாத்தைப் போட்டுக்கொண்டே, "சாருஜா வேகமாப் போடுறாள் மலர். நீ பாக்கேல்லை. அதுக்குத்தான் வந்தனான், கழகத்துக்காக இல்லை" என்றாள்.

பற்றிஸைக் குப்பையில் போடலாம் என்று நினைத்தேன். ஆரூரன் சாப்பிட்டுவிட்டார்.

மே 17, சனி

தாய்மார் தங்கள் பிள்ளையைப் பற்றிச் சொல்வதை நம்பாதே, போய்ப் பார். இது என் தொழில். ஆகவே போனேன். பள்ளிக்கூடத்துப் பின்னால் இருக்கும் ரெனிஸ் திடலில் மாலையில் போடுகிறாள் என்று கேள்விப்பட்டிருந்தேன். காருக்குள் இருந்தே பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்று.

அங்கே துடுப்போடு நின்றது ஜெகதீஸ்வரி. ட்ராக் காற்சட்டை, தலையில் மகளின் ஹெல்மெற். தனியாகத் தாயும் மகளும். சாருஜா ஓடி வந்தாள் — அந்த ஓட்டத்தைப் பார்த்ததும் கார் இயந்திரத்தை நிறுத்தினேன். பந்து தாயைத் தாண்டி வேலிக் கம்பியில் மோதிய சத்தம் தெருவரை கேட்டது. ஜெகதீஸ்வரி மூச்சு வாங்க நடந்து போய் பந்தைப் பொறுக்கி எறிந்தாள். திரும்ப வந்து நின்றாள். திரும்பவும் அடி படாமல் வேலிக்கு. திரும்பவும் நடந்தாள்.

பார்க்கச் சகிக்கவில்லை. பின்னால் ஆள் இல்லாமல் இதென்ன விளையாட்டு?

எப்போது இறங்கினேன், எப்போது அவளுக்குப் பின்னால் போய்க் குந்தினேன் என்று சரியாகச் சொல்ல முடியாது. கையுறை இல்லை. முதல் பந்து உள்ளங்கையில் வந்து இறங்கியபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நோவினால்தான்.

சாருஜா திரும்ப ஓடி வந்தாள். இருட்டும்வரை போட்டாள். ஜெகதீஸ்வரி இரண்டு பந்து அடித்தாள். இரண்டும் பழைய ஜெகாவின் அடி. அதை ஏன் எழுதுகிறேன்?

பேனா பிடிக்க முடியவில்லை, கை அப்படி வீங்கியிருக்கிறது.

மே 18, ஞாயிறு

அக்னெஸ் அக்காவுக்குச் சொன்னேன். சொன்னபடியே எல்லோரும் போகாமல் விட்டால் கழகத்துக்கு மைதானம் இல்லாமல் போகும், சரி. அந்தப் பிள்ளைக்கும் சேர்த்துத்தானே போகும்?

"அது அவளின்ர பிள்ளை."

"ஓமக்கா. ஆனால் போடுறது—"

"நீ போறதெண்டால் போ. என்னை ஏன் கேக்கிறாய்? ரீசேட்டையும் போடு. படத்துக்கு வடிவாச் சிரி."

வைத்துவிட்டார். என் வாழ்நாளில் நான் மதித்த ஒரே ஒரு ஆள். நானே என்னை மதிக்கவில்லை இன்றைக்கு. போவேனா? போய் இரவிச்சந்திரனுக்குப் பின்னால் நின்று சிரிப்பேனா? விசர்.

மே 25, ஞாயிறு

போனேன். ரீசேட் போடவில்லை, பழைய வெள்ளை உடுப்பு, இடுப்பில் ஊசி குத்தி. நான் திரும்பவும் போன் பண்ணியதில் பழையவர்கள் ஐந்து பேர் வந்தார்கள், எல்லோரும் ஏதோ களவெடுக்க வந்தவர்கள் போல் ஒருவரை ஒருவர் பார்க்காமல். சாருஜாவும் அவள் சிநேகிதிகளும் ஏழு பேர். அக்னெஸ் அக்கா இல்லை.

இரவி அண்ணை கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். கிரிக்கெட் மைதானத்தில். வெயிலில். வலன்ரைன் மாஸ்டர் கமராவோடு. கழக ஆண்கள் ஓரமாகக் கைகட்டி நின்றார்கள், அவர்களுக்குள் ஆரூரனும்.

நகரசபைப் பெண் சின்ன உருவம், தொப்பி, நல்ல சிரிப்பு. சாருஜா போட்டதை வாய் திறந்து பார்த்தார். நான் இரண்டைப் பிடித்தேன், ஒன்றை விட்டேன். பிறகு எல்லோரையும் கூப்பிட்டு, எவ்வளவு காலமாகச் சேர்ந்து விளையாடுகிறீர்கள் என்று பிரெஞ்சில் கேட்டார். சும்மா, அன்பாகத்தான் கேட்டார்.

இரவி அண்ணை முந்திக்கொண்டு, "பதினேழு வருடம், மதாம். இடைவிடாமல்" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். என்னிடம் வசனங்கள் இருந்தன, பன்னிரண்டு வருடமாகத் தயாராக. ஒன்றும் வரவில்லை. பக்கத்தில் நின்ற பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் இதுகளின் மைதானம் போகும். சொல்லாவிட்டால் நான் மாஸ்டரின் மலரில் ஒரு அடைமொழி.

"இல்லை, மதாம்" என்றாள் ஜெகதீஸ்வரி.

ஹெல்மெற்றைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தாள். எங்களில் பிரெஞ்சு நன்றாக வருகிறவள் அவள்தான், டெப்பனர் மூலைக்கடையில் பல வருடம் நின்று பழகிய பிரெஞ்சு. நிதானமாகச் சொன்னாள்: ஐந்து வருடம் விளையாடினோம். இறுதி ஆட்டத்து அன்று இந்த மைதானத்தை எங்களுக்குத் தரவில்லை. நாங்கள் வெளியே நின்றோம். நாங்கள் வரவில்லை என்று எழுதினார்கள். அதன் பிறகு பன்னிரண்டு வருடம் அணி இருக்கவில்லை. இன்றைக்கு வந்திருக்கிறோம். இந்தப் பிள்ளைகள் தொடர்ந்து வருவார்கள்.

"நானும் அண்டைக்குப் பேசாமல் இருந்தனான்" என்று கடைசியில் தமிழில் சொன்னாள். அது நகரசபைக்கு இல்லை.

இரவி அண்ணை, "ஜெகா, உமக்கு விளங்காது, பேசாமல் இரும்" என்றார். சிரித்துக்கொண்டே. அந்தச் சிரிப்போடு அவர் முகம் அப்படியே நின்றுவிட்டது, எடுக்க மறந்த உடுப்பு கொடியில் நிற்கிற மாதிரி.

அவள் அவர் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நகரசபைப் பெண் குறிப்பேட்டைத் திறந்தார். பெண்கள் தங்கள் பேரில் தனியாக விண்ணப்பிக்க எந்தத் தடையும் இல்லையே, ஏன் செய்யவில்லை என்று கேட்டார். உண்மையாகவே ஏன் செய்யவில்லை? பன்னிரண்டு வருடம் நான் வெறுப்பதில் அவ்வளவு மும்முரமாக இருந்தேனா?

மே 26, திங்கள்

ஜெகதீஸ்வரியைப் பற்றி மேலே எழுதிய எதையும் வெட்டப் போவதில்லை. அவள் அன்றைக்குத் தேத்தண்ணி ஊற்றியதும் உண்மை. நேற்றுச் சொன்னதும் உண்மை. இரண்டையும் ஒரே ஆள் செய்தது என்பதுதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

வெள்ளிவிழா. ஆரூரன் மட்டும் போய் மலரைக் கொண்டுவந்தார். பளபளப்புத் தாள். தலைவரின் படம் மட்டும் ஒன்பது இடத்தில். மகளிர் அணிப் பக்கங்கள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நகைக்கடை விளம்பரம், இரண்டு பக்கத்துக்கும் நீட்டி. கழுத்து மட்டும் உள்ள ஒரு பெண், தலை இல்லை. வாய்விட்டுச் சிரித்தேன்.

எங்கள் பேரிலேயே விண்ணப்பித்தோம், ஞாயிறு காலை மைதானம் எங்களுக்கு வந்துவிட்டது. கழகத்துக்குப் பின்னேரம். இரவி அண்ணை வீட்டில் ஜெகாவோடு கதைப்பதில்லையாம். ஆனால் அவள் சமைத்ததைச் சாப்பிடுகிறாராம், கோபத்தோடு.

நான் சிரித்து முடிக்கும்வரை ஆரூரன் கதவடியில் நின்றார்.

"அண்டைக்கு நான் உங்களைக் கண்டனான் மலர். கார் பார்க்கில நீங்கள் நிண்டது எனக்கு நேர தெரிஞ்சது."

"தெரியும்."

"வெளிய வந்திருக்கலாம்."

"ஓம், வந்திருக்கலாம்."

ஆறுதல் சொல்லுவேன் என்று பார்த்துக்கொண்டு நின்றார். சொல்லவில்லை. கண்டதைச் சொல்ல அவருக்குப் பன்னிரண்டு வருடம் எடுத்திருக்கிறது. எனக்கும் கொஞ்சக் காலம் தேவைப்படும். பிறகு அவர் போய்க் கராஜில் எதையோ உருட்டினார். எட்டிப் பார்த்தேன். என் கால்கவசத்தின் வார் அறுந்திருந்ததைத் தைத்துக்கொண்டிருந்தார். கோணலாக.

ஜூலை 13, ஞாயிறு

அக்னெஸ் அக்கா வந்தார்! காரை விட்டு இறங்கவில்லை. கண்ணாடியைப் பாதி இறக்கி, களத்தடுப்பாளர்கள் நிற்கிற இடம் பிழை என்று கத்தினார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

ஜூலை 20, ஞாயிறு

இன்றைக்கு இறங்கினார். நான் குந்துகிற விதத்தைப் பார்த்து, "கோழி முட்டையிடுற மாதிரி" என்றார்.

ஓகஸ்ட் 18, திங்கள்

இடது கையால் எழுதுகிறேன். இந்த எழுத்து எனக்கே விளங்காது.

நேற்று லாவலோடு ஆட்டம். தோற்றோம், மோசமாகத் தோற்றோம். சாருஜாவின் சிநேகிதி ஒருத்தி பந்து வரும்போது போனைப் பார்த்தாள். இன்னொருத்தி தன் அணியை மறந்து எதிரணிக்குக் கைதட்டினாள். ஜெகா முதல் ஓவரிலேயே வெளியே, கொசு அடிக்கிற மாதிரி ஒரு வீச்சு. இதுகளை வைத்துக்கொண்டு யாரும் எந்த வரலாறும் எழுத முடியாது. சாருஜா மட்டும் நாலு பேரை எடுத்தாள். ஐந்தாவது நான் விட்டது. என் பெருவிரலில் பட்டுத்தான் போனது.

பிடிக்க வேண்டிய பந்து என்று அக்னெஸ் அக்கா எல்லைக்கோட்டிலிருந்து கத்தினார். பிடிக்க வேண்டியதுதான்.

விரல் கத்தரிக்காய் நிறமானதும் ஜெகா ஒன்றும் கேட்காமல் கார்ச் சாவியை எடுத்தாள். அவசரப் பிரிவில் பின்னேரம் முழுவதும் இருந்தோம், இரண்டு பேரும் அழுக்கு வெள்ளையோடு. அவள் இயந்திரத்தில் கோப்பி எடுத்துத் தந்தாள். கேவலமான கோப்பி. குடித்தேன். அவள் அந்த வீச்சை ஏன் வீசினாள் என்று வழி முழுவதும் ஏசிக்கொண்டு வந்தேன். அவள் நான் விட்டதைப் பற்றி ஏசினாள். எங்களைப் பார்த்து ஒரு கிழவர் இருக்கை மாறிப் போனார்.

எலும்பு வெடித்திருக்கிறதாம். டொக்டர் இளம் பொடியன், கட்டுப் போட்டபடியே, கையால் செய்கிற வேலையா, மதாம் என்ன செய்கிறீர்கள் என்று பிரெஞ்சில் கேட்டான்.

விக்கெட் காப்பாளர் என்றேன்.

அவனுக்கு விளங்கவில்லை. ஜெகா எழும்பி நின்று, அந்தச் சின்ன அறைக்குள், அவனுடைய சுழல்கதிரையை விக்கெட்டாக வைத்து விளக்கத் தொடங்கினாள்.